திரியெஸ்தேயில் ஒரு கடைவாய்ப்பல்

எட்டு மணிக்கு அட்டையைத் தேய்த்தேன்.
டிங் என்றது வாசல். கப்பல் குறித்துக்கொண்டது:
ரொடெலியோ மங்காஹாஸ், டெனர் சாக்ஸ், இரண்டாம் தளம்,
இறங்கிவிட்டான்.
நாலரைக்குள் ஏறிவிட வேண்டும்.

மற்றவர்கள் இலவச வைஃபை தேடிப் போனார்கள்.
ட்ரம்ஸ் அடிக்கும் ஸ்த்ராவ்கோ காலுறை வாங்கப் போனான்.
எந்தத் துறைமுகத்திலும் அவன் காலுறைதான் வாங்குகிறான்.
எனக்கோ இடது கீழ்க்கடைவாயில்
மூன்று நாளாக ஓர் எறும்பு குடித்தனம்.

இந்த ஊரில் காற்றுக்குப் பெயருண்டு, போரா.
நாத்தனார் வருகிற சேதிபோல
இன்று வருகிறாள் இன்று வருகிறாள் என்கிறார்கள்.
மேட்டுத் தெருவில் அவள் என் தொப்பியை எடுத்துக்கொண்டாள்.
துரத்தவில்லை. பல் வலிக்கிறவன் ஓட முடியாது.

மூன்றாம் மாடி. பித்தளைப் பலகையில்
மருத்துவர் நிவெஸ் கோச்சியான்சிச்.
காத்திருந்த அக்காவும் தங்கையும்
இத்தாலியனில் ஒருத்தி, ஸ்லோவேனியனில் ஒருத்தி,
ஒரே பல்வலியைப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

விளக்கை இழுத்தாள் மருத்துவர். உறைக்கை விரலால்
கீழுதட்டை மடித்துப் பார்த்தாள். நின்றாள்.
"கிளாரினெட்டா?"
வாய்க்குள் கண்ணாடியை வைத்துக்கொண்டு
சாக்ஸபோன் என்று சொல்லிப் பாருங்கள்.
அவளுக்குப் புரிந்தது.

உதட்டின் உட்புறம், முன்பற்கள் அழுந்துமிடத்தில்
ஒரு தடிப்பு.
இருபத்திரண்டு வருடம் நானே பார்க்காததைச்
சின்னக் கண்ணாடி திருப்பிக் காட்டினாள்.
வெளிறிய இரண்டு கோடுகள்,
அழித்தெழுதிய காகிதம்போல.

"இன்றிரவு வாசிக்கணுமா?"
விரல்களை விரித்தேன், ஒன்பது. மடக்கினேன், அரை.
கடிகாரத்தைப் பார்த்து உதட்டுக்குள் எண்ணினாள்.
"குறைவாகப் போடுகிறேன். வலித்தால் கையைத் தூக்கு."
இரண்டு தடவை தூக்கினேன்.
இரண்டாம் தடவை அவள் நிறுத்தவில்லை.

எண்பது யூரோ.
படிவத்தில் தொழில் என்ற கட்டத்தை
என்னைக் கேட்காமலே நிரப்பினாள்.

அதற்குப் பிறகு எனக்கு அரை உதடுதான்.
சின்னக் கண்ணாடிக் குவளையில் காப்பி தருகிற கடையில்
பாதி உள்ளே, பாதி சட்டையில்.
கடைக்காரர் பேசாமல் ஒரு ஸ்ட்ரா நீட்டினார்.
அப்புறம்தான் கேட்டார்: "நிவெஸா?"

கடலுக்குள் நீளும் கல்பாலத்தில்
அந்தத் தம்பதி எதிரே வந்தார்கள்.
நாலு இரவு என் மேடைக்கு இரண்டு முழத் தள்ளி ஆடியவர்கள்.
வெள்ளைக் கோட்டு இல்லாமல் நான் யாரோ.
போனை நீட்டி, காது கேளாதவனிடம் பேசுவதுபோல
மெ...துவாக: "ஒரு... போட்டோ?"
"ப்ரேகோ" என்றேன் அரை வாயால்.
காற்றில் அவள் தலைமுடி அவன் முகத்தை மூட,
மூன்று படம் எடுத்தேன். மூன்றாவது நன்றாக வந்தது.
"என்ன நல்ல ஊர்க்காரர்கள்" என்றபடி போனாள்.
நாலு நிமிடம் நான் திரியெஸ்தேக்காரன்.
கடலைப் பார்த்து, கைகளைப் பின்னே கட்டி,
அதற்கேற்ப நின்றேன்.

ஒன்பதரை. முதல் பாட்டில் இடப்பக்கம் காற்று கசிந்தது.
எச்சில் தாடையில் இறங்கியது எனக்குத் தெரியாமலே.
ஸ்த்ராவ்கோ சிம்பலைக் கூடுதலாக அடித்து
என் ஓட்டையை மூடினான்.
இரண்டாவதில் குறுகுறுப்பு.
மூன்றாவது மெதுவான பாட்டு. அதன் நடுவில்
முதலில் ரீடின் விளிம்பு வந்தது,
பிறகு அதன் ஈரம்,
பிறகு தழும்பில் போய் உட்கார்ந்தது பல்,
வழக்கமான நாற்காலியில் உட்காருகிறவர் மாதிரி.

அந்தத் தம்பதி ஆடிக்கொண்டிருந்தார்கள்.
ஒரு சுற்றில் அவள் என்னைப் பார்த்தாள்.
அடுத்த சுற்றிலும்.
கணவன் காதில் ஏதோ சொன்னாள்.
அவன் திரும்பிப் பாராமலே
இல்லையென்று தலையாட்டினான்.
ஸ்த்ராவ்கோ நாலாவது பாட்டுக்கு
எண்ண ஆரம்பித்தான்.