எட்டாம் குழி

வலை மறுபடி சீஸ் தரையில் மாட்டிக்கொண்டதாம்.
எய்லர்ட் போனில் சொன்னான்.
கடற்பஞ்சுகள் அடைந்து கிடக்கும் ஆழத்துக்கு
இந்த வடகடல் மீனவர்கள் வைத்த பெயர் அது.
காட் மீன் கேட்டால் கை நிறைய நாற்றம் வரும்.
எப்போதும் திட்டிவிட்டுத் திருப்பி எறிவான்.
இம்முறை ஒரு வாளி எனக்கு.
கூடவே ஒரு கேள்வி:
"என் உதட்டுக் கொப்புளத்துக்கு இதில் மருந்து வருமா?"
வந்தால் முதல் சொட்டு உனக்கு என்றேன்.
பொய்தான். சொட்டுக்கும் உதட்டுக்கும் நடுவே
பதினைந்து வருடம் கிடக்கிறது.

டிசம்பர். ட்ரோம்சோவில் சூரியன் விடுப்பில்.
மேசை விளக்கில் அறுக்கிறேன்.
கல்லுமில்லை, கறியுமில்லை;
கண்ணாடி ஊசிகள் கையுறையைக் குத்துகின்றன.
முதுகில் ஓடு இல்லை.
'ஓடு' என்றால் ஓடவும் தெரியாது.
ஒரு கரண்டிக் கடலில் கோடி வைரஸ்;
அதைத்தான் நாள் முழுக்கக் குடித்துத் துப்பிக்கொண்டு
உட்கார்ந்த இடத்திலேயே இருந்திருக்கிறது.
ஏதோ ஒன்று கைவசம் இருக்க வேண்டும்.
அதன் சரக்கா, உள்ளே வாழும் பாக்டீரியாவின் சரக்கா?
வீட்டுக்காரனைக் கேட்டால்
குடக்கூலிக்காரனைக் கைகாட்டுகிறான்.

தட்டில் தொண்ணூற்றாறு குழி.
குழிதோறும் ஒரு குரங்கின் சிறுநீரகச் செல்கள்.
குரங்கு போய் அறுபது வருடத்துக்கு மேலாகிறது,
செல்களுக்கு யாரும் சொல்லவில்லை.
வைரஸை விட்டேன். பஞ்சின் சாற்றை விட்டேன்.
மூன்றாம் நாள் ஊதாச் சாயம்.
உயிர் தங்கிய இடம்தான் நிறம் பிடிக்கும்.

முதல் குழி வெறுமை.
வைரஸும் இல்லை, செல்லும் இல்லை,
மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதை.
இரண்டாவதும் அப்படித்தான்.
மூன்றாவது.
சுன்னிவா எட்டிப் பார்த்து
'நஞ்சு' என்று எழுதப் போனாள்.
இரு என்றேன்.

எட்டாம் குழியில்,
பஞ்சே தன்னை மறந்துவிடும் அளவுக்கு நீர்த்த இடத்தில்,
விளிம்போரம் ஒரு பிறை ஊதா.

சாயம் சரியாகக் கழுவாமல் தேங்கியிருக்கலாம்.
என் கை நடுங்கியிருக்கலாம்.
மறுபடி செய்ய வேண்டும்; வாளியோ காலி.

எய்லர்டை அழைத்தேன்.
"அந்தப் பக்கமே போகமாட்டேன்,
கிழிந்த வலைக்கு யார் பணம் தருவது?"
பின்னால் என்ஜின் இரைந்தது.
"அப்புறம், உதடு தானாகவே ஆறிவிட்டது."

ஆறவில்லை,
நரம்புக்குள் போய்ப் படுத்திருக்கிறது
என்று நான் சொல்லவில்லை.
வலை எவ்வளவு ஆகும் என்று மட்டும் கேட்டேன்.