குறுக்கெழுத்து

நாற்பத்தொரு தாள்.
பெட்டியின் மேல் யாரோ ஒட்டிய சீட்டு:
"கனிமவியல். யூரல் மலைப் பயணம், 1860."
எனக்கு மணிக்கணக்கில் கூலி.
தார்த்துவில் டிசம்பர் என்றால்
மூன்றரைக்கே விளக்குப் போட வேண்டும்.

தபாலுக்குப் பத்து கோபெக்,
எடை கூடினால் இருபது.
அதனால் பேராசிரியர் வீடெனாவ் எழுதி அனுப்பிய தாளையே
கால்வட்டம் திருப்பி
அவர் வரிகளின் மேலேயே தன் வரிகளை இறக்கி
அவருக்கே அனுப்பியிருக்கிறாள் அடெல்ஹைட்.
(அவள் என்று சொல்லும் அளவுக்கு நெருங்கிவிட்டேன்.
அவர் இன்னும் அவர்தான்.)

முதல் வாரம் அவரை மட்டும் படித்தேன்.
செம்புப் பாறை, பச்சை ஓடியது, பதினேழு பவுண்டு.
பாரமானி இறங்குகிறது.
வண்டிக்காரன் குடித்திருக்கிறான்.
அவளுடைய கோடுகள்
சன்னல் கம்பிபோல் இடையில் நின்றன.
இரண்டாம் வாரம் தாளைத் திருப்பினேன்.
இப்போது கம்பி அவர்.

பிர்ச் விறகு விலை ஏறிவிட்டது.
எமிலுக்கு முன்பல் ஆடுகிறது.
பியானோவை விற்கலாமா?
இது மார்ச்.
மே: பியானோவைப் பற்றிக் கேட்டிருந்தேன்.
ஆகஸ்ட்: மருந்துக்கடைக்காரர் எழுபது ரூபிள் தருகிறாராம்.
அக்டோபர்: எழுபத்திரண்டு.
நவம்பரில் அவர் எழுதுகிறார்,
தெளிவான மையில், நல்ல மனநிலையில்:
லுயீஸ பியானோ பழகுகிறாளா?

அந்த ஒரு வரியின் மேல் அவள் எதுவும் எழுதவில்லை.
மேலிருந்து இறங்கும் ஒவ்வொரு வரியும்
அங்கே வந்ததும் நின்று
ஒரு விரற்கடை விட்டு
அந்தப் பக்கம் தொடர்கிறது,
சேற்றைத் தாண்டுகிறவள்
பாவாடையைத் தூக்கிக்கொள்வதுபோல.
ஊடும் பாவுமாய்ப் போன தாளில்
அவ்விடத்தில் ஊடல் மட்டும்.

"பொருள் என்ற கட்டம் காலியாக இருக்கிறதே"
என்றார் ஹிலார், என் மேலதிகாரி.
ஒரு தாளுக்கு ஒரு பொருளைத்தான் கணினி ஏற்குமாம்.

முப்பத்து மூன்றாம் தாளில்
அவருடைய கந்தகம்
அவளுடைய காய்ச்சலின் மேல் ஏறிக்கொண்டது.
அவர் எழுதியபோது கந்தகம் கந்தகம்தான்.
பிறகு நனைந்திருக்கிறது, மை பரவியிருக்கிறது.
யாருக்குக் காய்ச்சல் என்பது அதற்கு அடியில்.
பூதக்கண்ணாடியோடு ஒரு மதியம் போயிற்று:
"லு" போலத் தெரிந்தது.
அடுத்த தாளில் லுயீஸ இல்லை.
அதற்கடுத்ததிலும் இல்லை.
முப்பத்தாறில், விறகுக் கணக்குக்கும்
சலவைக்காரி பாக்கிக்கும் நடுவே:
லுயீஸவுக்குப் பழைய செருப்பு பத்தவில்லை,
கால் வளர்ந்துவிட்டது.
எழுந்து வெளியே போய்
பனியில் நின்றே ஒரு காப்பி குடித்தேன்.

கடைசித் தாளில் அவர் மட்டும்தான்.
பெய்புஸ் ஏரியை நீராவிப் படகில் கடக்கிறார்,
பெட்டிகள் பதினான்கு,
வெள்ளிக்கிழமை கரை.
குறுக்கே ஒரு கோடுகூட இல்லை.
பதில் எழுதப்படவில்லை.
பதில் படித்துறைக்கே போயிருக்கும்,
கையில் இரண்டு பிள்ளைகளோடு.
பியானோ இருந்த சுவரைப் பார்த்து
அவர் என்ன சொன்னார்?
தெரியாது.
பதினோரு வருடம் பெட்டியில் ஒன்றுமே இல்லை.
ஒரே மேசையில் இருவர் சாப்பிட்டால்
காப்பகத்துக்கு என்ன மிஞ்சும்?

அடியில் ஒட்டிக்கிடந்த துண்டுக் காகிதத்தை
நேற்றுத்தான் பிரித்தேன். தேதி கிடையாது.
"சாவி அடுப்பு மேல். சூப்பைச் சுடவைத்துக்கொள்ளுங்கள். அ."
அதன் கீழே, அதே திசையில், அவர் கையெழுத்து:
"வைத்தேன். உப்பு இல்லை."

திருப்பத் தேவையில்லாத ஒரே தாள்.
பொருள் என்ற கட்டத்தில்
"உப்பு" என்று போட்டிருக்கிறேன்.
ஹிலார் இன்னும் பார்க்கவில்லை.