சொந்தக்காரர் வராத இடம்

ஐந்து ரோடு என்று முதலில் சொன்னது நான்தான்.
மேம்பாலத் தூண்களுக்கு நடுவே
காலை ஏழரைக்கு வெயில் சாய்ந்து இறங்கும்,
முகத்தில் பாதிக்கு மட்டும் விழும்.
கோகிலவாணி கேட்டாள்:
"ஆவின் பூத் இருக்குமே, அந்தப் பக்கமா?"
ஆமாம் என்றேன்.
"அப்ப வேணாங்க. சித்தப்பா ஆட்டோ அங்கதான் நிக்கும்."

மூக்கனேரி?
தண்ணீருக்குள் திட்டுத் திட்டாய் மரங்கள்,
கொக்குக்குக் காசு தர வேண்டியதில்லை.
எபிநேசர் உதட்டைப் பிதுக்கினான்.
சபைப் போதகர் தினமும் அந்தக் கரையில்தான் நடக்கிறாராம்.
சர்க்கரை. ஒருநாளும் தவறமாட்டார்.

அஸ்தம்பட்டி: அத்தை மகன், செல்போன் கடை.
அம்மாப்பேட்டை: அக்காவைக் கொடுத்த வீடு.
பழைய பஸ் நிலையம்: கேட்கவே வேண்டாம்.

டீக்கடை மேசையில் ஊரை வரைந்து
நல்ல வெளிச்சத்துக்கெல்லாம் நான் பச்சை வட்டம் போட்டிருந்தேன்.
அவர்கள் சிவப்புப் பேனாவால்
ஆட்களை எழுதிக்கொண்டே வந்தார்கள்.
பன்னிரண்டு வருஷமாக இந்த ஊரில் படம் எடுக்கிறேன்.
எழுநூறு இலை விழும் மண்டபங்களில்
ட்ரோன் பறக்கவிட்டுப் பழகினவள்.
ஏழு பேர் கல்யாணத்துக்கு
எந்த லென்ஸ் எடுத்துவருவது என்று தெரியவில்லை.
ஒரு நகரம் முழுக்க
மாமன் மச்சானால் கட்டியது என்பதும் அதுவரை தெரியாது.

சரி, ஏற்காடு.
பதினாறாவது கொண்டை ஊசியில் ஒரு பாறை உண்டு,
பனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியாது,
சித்தப்பாவே வந்தாலும் தெரியாது என்றேன்.
"மூணாவது வளைவுலயே வாந்தி எடுப்பேன்" என்றாள்.
பிறகு, கிளாசைச் சுற்றிச் சுற்றி:
"எங்களையே தெரியலன்னா அது எதுக்குங்க போட்டோ?"

வெள்ளைக்கல் சுரங்கத்துக்குப் பின்னால்
சுண்ணாம்பு கொட்டினதுபோல் ஒரு மேடு.
உச்சி வெயிலிலும் நிழல் கறுக்காது,
தரையே வெளிச்சத்தைத் திருப்பித் தரும்.
ஈ காக்கை வராது என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.
எபிநேசர் சிரித்தபடி சொன்னான்:
"எங்கள மாதிரி ஜோடிய அங்கெல்லாம்
போலீஸ்தாங்க போட்டோ எடுக்கும்."
சிரிப்பு அவனோடு நின்றது.
மேசையில் பஜ்ஜி ஆறிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவளே சொன்னாள்.
செவ்வாய்ப்பேட்டை. அப்பாவின் கொலுசுப் பட்டறை.
திறப்பது எட்டு மணிக்கு.
அஞ்சே காலுக்குத் தெருவில் பால்காரர்கூட வருவதில்லை.
"அங்க ஒண்ணே ஒண்ணு. மத்ததெல்லாம்
உங்க இஷ்டம், எந்தச் சுவருன்னாலும் சரி."

வெளிச்சம் என்று சொல்ல எதிர்வீட்டு டியூப்லைட்,
அதுவும் விட்டு விட்டு எரிந்தது.
மூடிய ஷட்டருக்கு முன்னால் இரண்டு பேர்.
அரக்குப் புடவை, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை.
அவன் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தான்.
அவள் வலது கை பூட்டின் மேல் இருந்தது,
கதவைத் தட்டப் போகிறவளைப் போல.

சாக்கடை ஓரத்திலிருந்து ஒரு நாய் எழுந்து வந்தது.
குரைக்கும், விளக்குகள் எரியும்,
ஓடத் தயாராய் ஸ்கூட்டி சாவியைப் பிடித்தேன்.
அது அவள் பாதத்தை மோந்துவிட்டு
முழு உடம்பாலும் வாலாட்டியது.
பெண் வீட்டார் தரப்பில் வந்தது அதுதான்.

பத்தரைக்குச் சூரமங்கலம், பதிவு அலுவலகம்.
சாட்சிகள், கையெழுத்து, ரோஜா மாலை,
புங்கமரத்தடியில் நாற்பது படம்.
எல்லாம் நன்றாகவே வந்திருக்கின்றன,
எல்லாக் கல்யாணத்திலும் வருவதுபோல.

பட்டறைப் படத்தில் புள்ளி புள்ளியாய் இரைச்சல்,
நாயின் வால் வெறும் தீற்றல்.
ஷட்டரில் பெயின்ட்டில் அவள் அப்பா பெயர்,
கீழே பத்து இலக்க எண்.
வெளியே போகிற படம், நம்பரை அழித்துவிடட்டுமா
என்று வாட்ஸப்பில் கேட்டேன்.
ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை.
மறுநாள் இரவு வந்தது:
"வேணாங்க. முடிஞ்சா
அந்த இடத்துக்கு மட்டும்
கொஞ்சம் வெளிச்சம் கூட்டுங்க."