நாற்பத்தொன்றாம் கட்டம்

நாற்பத்தொன்றாம் கட்டத்தில்
ஒவ்வொரு முறையும் தடுக்கி விழுகிறேன்.
முப்பத்தொன்பது வரை நல்லபடியாய்த்தான் வருகிறேன்.
நாற்பதில் தோள் ஏறிக் காதருகே வந்துவிடும்.
பிறகு அந்த ஏற்றம்,
கறுப்புக் கட்டைகளின் மேல்
நாலாம் விரலும் ஐந்தாம் விரலும் மாறி மாறி.
அச்சிலேயே போட்டிருக்கிறது: நாலு, ஐந்து, நாலு, ஐந்து.

யார் போட்டார்களோ.
பெரிய கையும் நீண்ட சுண்டுவிரலும்
தினம் ஆறு மணி நேரமும் வாய்த்த ஆளாய் இருக்க வேண்டும்.
ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது என்று
எங்கள் வீட்டில் ஒவ்வொரு சண்டைக்கும் சொல்வார்கள்.
அந்த ஆள் வீட்டில் சண்டையே வரவில்லை போல.

நாலாம் விரலைச் சொல்லிக் குற்றமில்லை.
நடுவிரலை மடக்கி, கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள்,
அதனால் எழும்பவே முடியாது.
மோதிரம் போட என்றால் மட்டும் நீட்டும்.

பகலில் நான் காலணித் தொழிற்சாலையில்
சம்பளக் கணக்கு எழுதுகிறேன்.
வெட்டுமிடத்துச் சுவர் நெடுக மரப்பாதங்கள்,
மூன்று முதல் பதினொன்று வரை தொங்கும்.
ஆறாம் எண் காலுக்குப் பத்தை மாட்டிவிட்டு
ஓடு என்று அங்கே யாரும் சொல்வதில்லை.

பென்சிலால் மாற்றிப் பார்த்தேன்.
மூன்று, நாலு, மூன்று, அடியில் புகுந்து பெருவிரல்.
அழித்தேன்.
நாலின் மேல் மூன்றைத் தாண்டவிட்டேன்,
தூங்குகிறவனைத் தாண்டும் பூனை மாதிரி.
ஓசையில் முடிச்சு விழுந்தது. அழித்தேன்.
மணிக்கட்டைச் சாய்த்தேன், முழங்கையை விலக்கினேன்,
இருக்கைக்கு அடியில் தொலைபேசிப் புத்தகம் வைத்தேன்.
தாள் அந்த இடத்தில் மட்டும் மெலிந்து
பின்பக்கத்துச் சுரங்கள் தெரிகின்றன.
அடுத்த அறையிலிருந்து சாக்ரென் கேட்டான்,
"திறக்காத கதவை எத்தனை தடவைதான் தட்டுவாய்?"

செவ்வாய் இரவு எட்டு மணிக்கு மின்சாரம் போனது.
நான்காம் நிலை, அட்டவணைப்படி இரண்டரை மணி நேரம்.
நார்த்டேல் முழுக்கத் திருட்டு எச்சரிக்கை மணிகள்
ஒன்றையொன்று கூப்பிட்டு ஓய்ந்தன.
பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இந்தப் பக்கம் மலையும் தெரியவில்லை,
என் கையும் தெரியவில்லை.
மெழுகுவத்தி எடுக்கச் சோம்பல்.
முப்பத்தொன்பதிலிருந்து வாசித்தேன்.
நாற்பத்தொன்று வந்தது,
போனது.

இன்னொரு தடவை வாசித்து
விரலை எடுக்காமல் அங்கேயே நிறுத்தித்
தடவித் தடவி எண்ணினேன்.
வலது கையின் நடுவே
இடது கையின் சுட்டுவிரல் நின்றிருந்தது,
கல்யாண வீட்டில் யாரோ ஒருத்தி
கேட்காமலே உட்கார்ந்து வெங்காயம் உரிப்பது போல.

அந்தக் கட்டம் முழுக்க இடது கைக்கு ஓய்வு.
ஓய்வுக்குறி சின்னக் கறுப்புத் தொப்பியாய்க்
கீழ்வரியில் தொங்குகிறது.
நாலு மாதமாய் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.
மேல்வரியில் இருப்பதெல்லாம் வலது கைக்கு என்று
எனக்கு யார் சொன்னது?

கொஞ்ச நேரம் இருட்டில்
காப்பியடித்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.
ஒரு கை கொடுப்பது மறு கைக்குத் தெரியக்கூடாது என்பார்கள்.
இங்கே கைக்குத் தெரிந்தே ஆகவேண்டும்,
காதுக்குத்தான் தெரியக்கூடாது.
இரண்டே சுரம் இடதுக்கு.
வந்த தடமில்லாமல் வந்து போகும்படி
அதைப் பழக்க இன்னும் மூன்று நாள் பிடித்தது.

சனிக்கிழமை நூலகக் கூடத்தில் ஒத்திகை.
தெம்பெக்கா பாடி முடித்துத் தண்ணீர் குடித்தாள்.
"அந்த ஏற்றத்துக்கு முன்னால்
நீ எப்போதும் மூச்சைப் பிடித்துக்கொள்வாய்.
உன்னோடு சேர்ந்து நானும் பிடித்துக்கொள்வேன்.
இன்று என்ன ஆயிற்று?"
நான் பக்கத்தைத் திருப்பினேன்.

அச்சு எண்களின் மேல் கோடு இழுத்தாயிற்று.
மேல்வரியிலிருந்து கீழ்வரிக்கு
ஒரு சிறிய அம்புக்குறி, அவ்வளவுதான்.

ஐம்பத்தெட்டு அப்படியேதான் கிடக்கிறது.
அங்கே இடது கைக்கும்
தலைக்கு மேல் வேலை.