நிவாரணப் படிவம்

மண்டேரா முகாமில் கடைசி மேசை.
"செத்தது என்ன?"
"ஹல்" என்றாள் பிலான்.
நைரோபியிலிருந்து வந்த முசியோகா
1 என்று எழுதினான்.
அவன் கற்ற சோமாலியில்
ஹல் என்றால் ஒன்று.

அவளுக்கு அது பெண் ஒட்டகம்.
ஒன்றல்ல, ஒன்பது:
கறவையில் இருந்த இர்மான் நான்கு,
சூல்கொண்ட ரிமாய் ஐந்து.

கட்டத்திலோ ஒரே சொல், கேமல்.
"லத்தீனுக்கு முன் கிரேக்கத்தில் இருந்ததாம்,
அதற்கும் முன்
பினீசியரிடம் ஓர் எழுத்தாய்"
என்றான், பேச்சை மாற்ற.

பிலான் அச்சொல்லை விரலால் தடவினாள்.
"இத்தனை தூரமா?
நடுவில் எங்கே தண்ணீர் காட்டினார்கள்?"

1ஐ அடித்தான்.
பால்குடி மறவாத குட்டியும் உண்டாம், நிரிக்.
அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டான்,
எழுத்துப்பிழையோடு.