மூன்றாவது டம்ளர்

அஸ்டோரியாவில் மழை ஓய்வதில்லை,
அலுத்துப்போய்ச் சற்று உட்காரும், அவ்வளவுதான்.
அப்படி அது உட்கார்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை
சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார் ஆர்விட் நிஸ்கலா.
இழுவைப்படகில் முப்பத்தொரு வருடம்.
கைகுலுக்கியபோது என் விரல்கள்
அந்தக் கைக்குள் காணாமல் போயின.

இருபத்தாறு கேள்விகள்.
பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்கப் பழகியிருக்கிறேன்:
இதயம் எப்படி, ரத்த அழுத்தம் எவ்வளவு,
வலிப்பு வந்ததுண்டா,
இல்லாத குரல்கள் வீட்டில் யாருக்கேனும் கேட்டதுண்டா.
"ஓர் அத்தையோடு கலங்கரை விளக்கம் பேசும்" என்றார்.
சிரித்தோம்.
சிரித்தபடியே எழுதினேன்: அத்தை, அப்பா வழி.
பிறகு சிரிக்காமல் கேட்டேன், எங்கே வைத்திருந்தார்கள் அவளை?
"பெண்டில்டனில். பத்து வருடம்."

மாத்திரைகள்?
"பிரஷருக்கு ஒன்று. மீன் எண்ணெய்."
வேறு?
"இல்லை."
அந்த 'இல்லை' கொஞ்சம் அவசரமாக வந்தது,
தட்டும் முன்பே கதவைத் திறப்பவரைப் போல.

தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.
மகனைப் பற்றிச் சொன்னார்.
ஆற்றின் முகத்துவாரம், பிப்ரவரி,
கயிற்றின் மறுமுனையில் அவன்.
கயிறு மட்டும் திரும்பி வந்தது.
சொல்லும்போது குரல் நடுங்கவில்லை,
டம்ளர்தான் நடுங்கியது.
இன்னும் கொஞ்சம் தண்ணீர் கேட்டார்.

பத்தொன்பது வருடம் வார்டில் இருந்தவள் நான்.
துக்கத்தின் கையைத் தெரியும்.
குடியை விட்ட கையைத் தெரியும்.
இது வேறு. பொடி நடுக்கம், விடாத நடுக்கம்,
கரையில் கட்டிய பிறகும் எஞ்சின் அணைக்காத படகு.

மூன்றாவது டம்ளருக்கு எழுந்து போனேன்.
குழாயைத் திறந்துவிட்டு
முதுகைக் காட்டியபடியே கேட்டேன்,
சில கேள்விகளை முகம் பார்த்துக் கேட்கக் கூடாது:
"ஆர்விட், லித்தியம் எத்தனை வருடமாக?"

தண்ணீர் டம்ளரை நிறைத்து வழிந்துகொண்டிருந்தது.
வெளியே கடற்சிங்கங்கள்
துறைமுகத்தைத் தாங்களே கட்டியதுபோல் கத்தின.

"பதினொன்று" என்றார்.
"சொன்னால் காளான் தரமாட்டீர்கள்."

தரமாட்டேன்.
இரண்டும் ஓர் உடம்பில் சந்தித்தால் வலிப்பு வரலாம்,
இந்த மெத்தையில், இதே ஜன்னலுக்குக் கீழே,
இசை ஓடிக்கொண்டிருக்கும்போதே.

"அதை நிறுத்திவிட்டு வந்தால்?"
பேரம் பேசும் குரல் இல்லை அது,
ஓதம் எப்போது திரும்பும் என்று விசாரிக்கும் குரல்.
"இதற்காக நிறுத்தாதீர்கள்.
இத்தனை வருடம் உங்களைக் கரையில் பிடித்துவைத்த
கயிறு அதுவாக இருக்கலாம்" என்றேன்.
சொன்ன பிறகுதான் உறைத்தது.
கயிறு என்றா சொன்னேன்?
இவரிடமா?

அவர் தன் உள்ளங்கையைப் பார்த்தார்.
"பழைய கயிறு" என்றார். "இன்னும் தாங்குகிறது."

டாக்டரிடம் பேசச் சொன்னேன்.
பிள்ளைகளை இழந்தவர்கள் வியாழன்தோறும் கூடும்
தேவாலயத்தின் நிலவறை முகவரியை எழுதித் தந்தேன்.
படிக்காமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

படிவத்தில் இரண்டே கட்டங்கள்.
தகுதி உண்டு. தகுதி இல்லை.
பேனாவை நெடுநேரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.
கட்டம் போட்டவருக்கு வேறு சொல் கிடைக்கவில்லையா?
அழைப்புமணி அடித்தது, அடுத்தவர்.

மேஜையில் மூன்றாவது டம்ளர், தொடாமல்.
ஜன்னல் வழியே பார்த்தேன்:
மழை இன்னும் எழுந்திருக்கவில்லை.
நிற்கிற வண்டிக்குள் அவர்.
வைப்பர் மட்டும்
காய்ந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது.