இருபத்தாறு மரை

எனக்கு மரை கழன்றுவிட்டதென்று
பாடாங் செராயில் பேசிக்கொள்கிறார்கள்.
சரிதான்.
இடது பக்கம், பெடல் அச்சைச் சுற்றி,
அங்குலத்துக்கு இருபத்தாறு மரை வெட்டிய ஒரு கப்பு.
கழன்று எங்கே விழுந்ததென்று
பழைய இரும்பு லாரிக்காரனுக்கும் தெரியவில்லை.

நாற்பது வெள்ளிக்கு அதை இறக்கியபோது
அந்தச் சைக்கிளோடு எனக்கு ஒரு கதையும் கிடையாது.
யாரும் அதில் வைத்து என்னைப் பள்ளிக்குக் கொண்டுபோனதில்லை.
கழுத்தில் பித்தளைத் தகடு.
நாரையா கொக்கா, ஒரு தலை
முறைத்தது. வாங்கினேன்.

சங்கிலி சுலபம்.
டயர், இருபத்தெட்டுக்கு ஒன்றரை,
லூனாஸில் ஒரு மளிகைக்கடைப் பரணில்
ஓரம் எலி கடித்துக் கிடைத்தது.
பிரேக் கம்பியைச் செம்பனை ஆலைப் பட்டறையில்
ஷிப்டு முடிந்து நானே வளைத்தேன்,
ஃபோர்மன் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்க.

ஆ சூன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ஆணி டின்களுக்கு நடுவிலிருந்து
ஒரு கப்பை நீட்டினார். "சாமா, சாமா."
முதல் சுற்று வெண்ணெய்.
இரண்டாவது கொஞ்சம் யோசித்தது.
மூன்றாவதில் கடித்துக்கொண்டது.
அவர் கடையிலுள்ளது இருபத்துநாலு.
குறுக்களவு ஒன்று, மினுக்கு ஒன்று,
வித்தியாசம் இரண்டே மரை.
"அடித்து ஏற்றிவிடலாம்" என்றார்.
ஏறும். ஏறின பிறகு இரண்டுமே கெடும்.
அடித்து ஏற்றிய சம்பந்தங்கள்
எங்கள் குடும்பத்திலேயே இரண்டு இருக்கின்றன.
அதை அவரிடம் சொல்லவில்லை,
சுத்தியலை மட்டும் வாங்கி ஓரமாக வைத்தேன்.

தைப்பிங்கிலிருந்து பார்சலில் வந்தது
வலப்பக்கத்துக் கப்பு. எதிர்மரை.
ஈப்போக்காரர் அனுப்பியது
தையல் மெஷினில் ஏதோ ஒரு வளையம்,
மூன்று பிளாஸ்டிக் பையில் பத்திரமாகச் சுற்றி.

பிறகு ஒரு புதன்கிழமை,
மழை விட்ட தோட்டப் பாதையில்
கிறீச் கிறீச்சென்று அதே கொக்கு வந்தது.
மேலே மொபிஸுல்,
எட்டாம் நம்பர் காட்டில் குலை அறுப்பவர்,
குமிலாவிலிருந்து வந்து ஆறு வருஷம்.
பிரேக்கே இல்லை.
நிறுத்தக் காலைத் தரையில் தேய்த்தார்.
சிலிப்பரின் குதிகால் காகிதமாகியிருந்தது.

வணக்கம்கூடச் சொல்லாமல்
அவர் சைக்கிளின் அடிவயிற்றுக்குக் குனிந்தேன்.
மரை பார்க்கும் தகட்டைப் பையிலிருந்து எடுத்து
வளையத்துக்கு வெளியே எட்டிப்பார்த்த நாலு மரையில் வைத்தேன்.
பல்லுக்குப் பல் உட்கார்ந்தது.
"என்ன விலை?"
"இதைக் கழற்றினால்
நாளைக்கு நான் எதில் போவேன், அக்கா?"

மறுநாள் என் கொட்டகைக்கு வந்தார்.
நேற்று நான் பார்த்த அதே பார்வை
என் சைக்கிள் மேல் ஊர்ந்தது:
கம்பி, கட்டை, மணி.
"என்ன விலை?"
அவருக்கு என்னுடையதுதான் உதிரிச் சாமான்.
நியாயம்தானே, ஓடுவது அவருடையது.

தேத்தண்ணி ஆறியது.
அவர் ஒரு பெடலைச் சும்மா சுற்றினார்,
எதையும் பிடிக்காமல் அது சுற்றிக்கொண்டே இருந்தது.
அது நிற்பதற்குள் ஸ்பானரை எடுத்துவிட்டேன்.

நான் வளைத்த கம்பியோடு முன் பிரேக்கைக் கழற்றி
அவருடையதில் மாட்டினேன்.
ஒரு வாஷர்கூடக் கூடுதலாகக் கேட்கவில்லை.
இழுத்தார், நின்றது.
நம்பாமல் வாசல்வரை போய்
மறுபடி இழுத்தார்.
சம்பளம் போட்டதும் தருகிறேன் என்றார்.
எவ்வளவென்று அவரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

என்னுடையது ஸ்டாண்டில் நிற்கிறது.
குளவி கூடு கட்டாதிருக்க
இடது ஓட்டையில் துணி அடைத்திருக்கிறேன்.
கூலிமில் யாரிடமோ சொல்லிவைத்திருப்பதாக
ஆ சூன் சொல்கிறார், மூன்று மாதமாக.

காலையில் ஆறே காலுக்கு
பாலத்து இறக்கத்தில் ஒரு சத்தம்:
ரப்பர் கட்டை ரிம்மைப் பிடிக்கிறது.
கொஞ்சம் இறுக்கம் அதிகம்.
ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி
அரைச்சுற்று தளர்த்த வேண்டும்.